பால்மரமும் பலகையும்: ஒரு மரத்தின் இரண்டாம் வாழ்வு



மலாக்காவின் ரப்பர் வரலாற்றை 1896ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது மரபு. அவ்வாண்டில் டான் சே யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பரை வணிக நோக்கில் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். அதன்பின் நம் முன்னோர் சிந்திய வியர்வையை நாம் அறிவோம். எனினும் அவ்வரலாற்றை நாம் பாலைக் கொண்டே எழுதி வந்துள்ளோம். மரத்தைக் கொண்டு எழுதினால் வேறொரு செய்தி புலப்படும்.

பால்மரம் 25 முதல் 30 ஆண்டுகள் வரை பயன்தரும். பின்னர் மறுநடவுக்காக வெட்டப்படும். அக்கட்டையில் மாவுச்சத்து மிகுதி. ஆதலால் வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் படர்ந்து நீலக்கறை ஏறும், வண்டு துளைக்கும். எனவே அது நெடுங்காலம் விறகாகவே மதிக்கப்பட்டது. தோட்டப் புகைக்கூடத்திலும் செங்கற்சூளையிலும் லயத்து அடுப்பிலும் எரிந்தது போக, எஞ்சியது வெட்டிய இடத்திலேயே தீயிடப்பட்டது.

இந்நிலையை மாற்றியது பதப்படுத்தும் அறிவாகும். அறுத்த பலகையைக் காலந்தாழ்த்தாது அழுத்தக் கலத்தில் இட்டு, போரான் உப்புக் கரைசலை உட்செலுத்தி, உலர்த்துச் சூளையில் காயவைத்தால் அது நிலைத்து நிற்கும். கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகள் இதற்குத் துணைநின்றன. 1985இல் தீபகற்ப மலேசியாவிலிருந்து உருட்டு மரங்களை ஏற்றுமதி செய்வது தடுக்கப்பட்டது. மரம் மரமாகவே வெளியேறாமல், பொருளாக உருப்பெற்றுச் செல்ல வேண்டும் என்பதே கொள்கை. காட்டுமரம் அருகிவந்த அக்காலத்தில் பால்மரக் கட்டைக்கு மதிப்பு உயர்ந்தது. மலாக்காவின் தென் எல்லைக்கு அப்பாலுள்ள மூவார், நாட்டின் தளவாடத் தொழில் நடுவமாக வளர்ந்தது. மரத்தளவாட ஏற்றுமதியின் பெரும்பகுதி பால்மரத்தால் ஆனதே. 2005இல் அறுத்த பால்மரப் பலகையின் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. முன்பு விறகாயிருந்தது, நாடு விட்டுப் போகாமல் காக்கப்படும் செல்வமாயிற்று.

அச்செல்வம் யாரை அடைந்தது? மரம் வெட்டப்பட்டபோது கட்டையின் விலை நில உடைமையாளருக்குச் சென்றது. தொழிலாளியோ பால்வெட்டும் நிரையை இழந்தார். வீடு வேலையோடு பிணைந்திருந்தமையால், வேலை போன இடத்தில் கூரையும் போனது. செம்பனை நடப்பட்ட தோட்டத்தில் குறைந்த ஆள்களே தேவைப்பட்டனர். நிலம் குடியிருப்பாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறிய இடத்தில் குடும்பங்கள் பட்டணத்தை நாடின. புக்கிட் ரம்பாயின் தொழிற்பேட்டையைக் காணும் நமக்கு இம்மாற்றம் புதிதன்று. தளவாடத் தொழிலோ பெரும்பாலும் சீனக் குடும்பத் தொழிலாகவே வேரூன்றியது. அதன் உழைப்புத் தேவையை இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாட்டுத் தொழிலாளர் நிறைவுசெய்யலாயினர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பால்வெட்டும் கலை பட்டையின் கலை. கத்தி சற்றே ஆழ இறங்கிக் கட்டையைத் தொட்டால் மரம் காயப்படும். தொழிலாளி கண்டனத்துக்கு ஆளாவார். நான்கு தலைமுறையாக நம்மவர் கட்டையைத் தொடாதிருக்கவே பயின்றனர். பிற்காலத்தில் விலைபெற்றதோ அக்கட்டைதான். பட்டையில் பெற்ற தேர்ச்சி, பலகைக்கு உதவவில்லை. பலகைத் தேர்ச்சியைக் கற்பிக்கும் வாயில் தோட்டத்தில் இல்லை.

ஆகவே, ஒரு நாடு தன் மரத்தை நாட்டுக்குள்ளேயே பதப்படுத்துவது நன்று; அதனால் தொழிலும் வருவாயும் பெருகும். ஆனால் மரத்தை வளர்த்தவர்க்குப் பதப்படுத்தும் கல்வியும் சேர்ந்து கிட்டாவிடில், பெருகிய செல்வம் அவர்தம் வாயிலைக் கடந்து சென்றுவிடும். நம் மாணவர் கைத்தொழிற் கல்வியைத் தாழ்வெனக் கருதலாகாது என்பதற்கு இவ்வொரு மரத்தின் வரலாறே போதிய சான்று.