சானடோரியம் ஸ்டேஷனும் ஒரு சாப்பாட்டுத் தட்டும்



மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "சார், விடுதி நினைவுகள் வேண்டாம், அதுல ஏற்கெனவே பத்துப் பேர் எழுதிட்டாங்க. உங்க சரித்திரத்துலேர்ந்து ஏதாவது குடுங்க" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் அந்தச் சரித்திரம் நேராக விடுதிக்குள்தான் போய் நிற்கிறது. செயலாளர் பொறுத்தருள வேண்டும்.

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், குரோம்பேட்டை தாண்டியதும் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன் வரும். "சானடோரியம் ரெண்டு குடுங்க" என்று டிக்கெட் வாங்கிய நம்மில் எத்தனை பேர் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டிருப்போம்? நான் கேட்டதில்லை. ஏதோ வெள்ளைக்காரத் துரை பெயர் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். காசநோயாளிகளை ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே, நல்ல காற்றில் மாதக்கணக்கில் படுக்க வைத்துப் பராமரிக்கும் இடத்துக்குத்தான் சானடோரியம் என்று பெயர். தாம்பரத்தில் 1928-இல் அதைத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. 1937-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது.

இந்த சௌரிமுத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தி வந்தார். அங்கே 1917-இல் கொஞ்ச நாள் நோயாளியாக இருந்தவர் நம் கணித மேதை ராமானுஜன். காசநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அப்புறம் மேட்லாக் என்ற ஊரிலும் ஒரு சானடோரியம். சுத்தமான காற்றுதான் மருந்து என்பதால் குளிர்காலத்திலும் ஜன்னலைத் திறந்தே வைப்பார்கள். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிரில் என்ன பாடுபட்டிருக்கும்! ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் காலமானார். அது காசநோயே இல்லை, கல்லீரலில் அமீபா கிருமி புகுந்ததாகத்தான் இருக்கும் என்று 1994-இல் ஆங்கிலேய மருத்துவர் ஒருவர் பழைய குறிப்புகளை அலசி எழுதினார். அந்த வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. சேத்துப்பட்டு என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நோயின் கதை. க்ஷயம், எலும்புருக்கி, ராஜரோகம், டி.பி. என்று நம்மவர்கள் அதற்கு வைத்த பெயர்கள் பல. எல்லாப் பெயரையும் தணிந்த குரலில்தான் சொல்வார்கள். பரம்பரை நோய் என்றார்கள், பாவத்தின் பலன் என்றார்கள், ராத்திரி கண் விழித்துப் படித்தால் வரும் என்றுகூடச் சொன்னார்கள். (இந்தக் கடைசிக் காரணத்தால் நம் விடுதியில் யாருக்கும் வந்திருக்க முடியாது.) 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக், இது ஒரு கிருமியால் வருவது என்று கிருமியையே காட்டி நிரூபித்தார். நோயாளி இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்ணிய துளிகளை இன்னொருவர் சுவாசிப்பதால் அது பரவுகிறது. தட்டால் இல்லை, பாயால் இல்லை, கைகுலுக்குவதாலும் இல்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் அறுபது வருஷம் அதைக் கொல்ல மருந்தில்லை. ஓய்வு, காற்று, பால், முட்டை, இவைதான் வைத்தியம். முடியாத கேஸ்களில் மார்புக்கூட்டுக்குள் காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருங்க வைப்பார்கள், விலா எலும்புகளையே வெட்டி எடுப்பார்கள். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. ஊசி போட்ட ஆறு மாதத்தில் பலர் எழுந்து நடந்தார்கள். ஆனால் அதை மட்டும் கொடுத்தபோது கிருமி அதற்குப் பழகிவிட்டது. இதைத் தெளிவாகக் காட்டியது 1948-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு. அப்புறம் பாஸ் என்ற மருந்து வந்தது, 1952-இல் ஐசோனியாசிட் வந்தது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து, ஒரு வருஷத்துக்குக் குறையாமல் கொடுத்தால் கிருமி தப்ப முடியாது என்று கண்டார்கள். இந்தக் கிருமி மெள்ள வளர்கிற ஜாதி. சாதாரணக் குடல் கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகும். இதற்குக் கிட்டத்தட்ட இருபது மணி நேரம் ஆகும். மெள்ள வளர்வதைக் கொல்லவும் நாளாகிறது.

மேல்நாடுகளில் இந்த மருந்துகளையும் சானடோரியத்தில் படுக்க வைத்தே கொடுத்தார்கள். அவர்களுக்குக் கட்டிலும் இருந்தது, பணமும் இருந்தது. இங்கே நோயாளிகள் லட்சக்கணக்கில். கட்டில்களோ அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. கூலி வேலை செய்பவன் ஒரு வருஷம் போய்ப் படுத்துக்கொண்டால் வீட்டில் அடுப்பு எரியுமா? அப்படியானால் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் என்ன? கேள்வி சின்னதுதான். ஆனால் அன்றைக்குப் பல டாக்டர்கள் இதைக் கேட்கவே பயந்தார்கள். ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடு, அரை வயிற்றுச் சாப்பாடு, அதில் ஒரு க்ஷயரோகி! அவனும் பிழைக்க மாட்டான், மற்றவர்களுக்கும் ஒட்டவைப்பான் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

இந்தக் கேள்விக்குப் பதில் காண 1956-இல் சென்னையில் ஒரு ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இடம் சேத்துப்பட்டு. ராமானுஜன் கண்மூடி முப்பத்தாறு வருஷம் கழித்து, அதே பேட்டையில். இதில் தற்செயலைத் தவிர வேறொன்றும் இல்லை, இருந்தாலும் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. தலைமை ஏற்க வந்தவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர்.

சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு சானடோரியம்: கட்டில், ஓய்வு, நர்ஸ், நல்ல சாப்பாடு. மறுபங்குக்குச் சொந்த வீடு: இருக்கிற சாப்பாடு, முடிந்தால் வேலை. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிட்டும் பாஸும், ஒரு வருஷத்துக்கு. 1959-இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தவர்களில் 100-க்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 100-க்கு 86 பேர். சாப்பாட்டிலும் ஓய்விலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தும், பலனில் இவ்வளவுதான் வித்தியாசம்.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய விஷயம் அடுத்தது. நோயாளிகளின் குடும்பத்தாரையும் விடாமல் பரிசோதித்து வந்தார்கள், அதுவும் ஐந்து வருஷம். நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்ட குடும்பங்களில் புதிதாக நோய் வந்தவர்கள், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களில் வந்தவர்களைவிட அதிகமில்லை. காரணத்தை யோசித்தால் புரிகிறது. நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களிலேயே பரவ வேண்டியது பரவிவிட்டது. மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் பரப்பும் சக்தி சீக்கிரம் குறைந்துபோகிறது. ஆக, மருந்து சாப்பிடுகிறவனை வீட்டை விட்டுத் துரத்துவதால் வீட்டுக்கு லாபம் ஒன்றுமில்லை.

உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வும் ஒரு பெரிய காரணம். சேத்துப்பட்டு டாக்டர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. ரெண்டு மூணு மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறியதும் மனுஷன் மாத்திரையை நிறுத்திவிடுகிறான். பாஸ் வேறு வயிற்றைக் குமட்டும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், குட்டு வெளிப்பட்டது. இதில் நோயாளியைக் குறை சொல்வது சுலபம். டாக்டர் எழுதிக்கொடுத்த பத்து நாள் மாத்திரையை நாலாம் நாள் நிறுத்தாதவர் நம் சங்கத்தில் யாராவது இருந்தால் கை தூக்கலாம். பிற்பாடு, வாரம் இரண்டு முறை நோயாளியை வரவழைத்து, கண்ணெதிரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1964-இல் வெளிவந்த அந்த முடிவும் நன்றாகவே இருந்தது. 1990-களில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகமெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு இந்த ஆய்வும் ஒரு வேர்.

இனி விடுதிக்கு வருகிறேன். 1972. நான் இரண்டாம் வருஷம் பி.ஏ. என் அறையில் இருந்தவன் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை, தன் ஊரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். ரெண்டு மாதமாக இருமினான். "சிகரெட்டைக் குறைடா" என்று கிண்டல் செய்தோம். அவன் புகை பிடிக்கிறவனே இல்லை. ஒருநாள் காலை வாஷ்பேசினில் ரத்தம். எக்ஸ்ரே எடுத்ததும் தெரிந்துவிட்டது. அன்று சாயந்திரமே ஊருக்கு அனுப்ப ஏற்பாடாகிவிட்டது. அப்பா வரும்வரை ரெண்டு நாள் அவன் அறையில் தனியாக இருந்தான். நான் பக்கத்து அறைக்கு மாறிக்கொண்டேன். மெஸ்ஸில் அவன் தட்டை எடுத்துத் தனியாக வெளித் திண்ணையில் வைத்தார்கள். வைத்தது சமையல்காரர், வைக்கச் சொன்னது நாங்கள் நாலைந்து பேர். அதில் நானும் ஒருவன். அவன் போனதும் பாயை மைதானத்தில் போட்டுக் கொளுத்தினோம்.

கிளம்பும்போது, "நோட்ஸ் அனுப்புவியாடா?" என்று கேட்டான். "அனுப்பறேன்" என்றேன். அனுப்பவில்லை. கடிதம் எழுதினால் பதில் வரும், அவன் கைபட்ட காகிதத்தைத் தொட வேண்டுமே என்று பயம். பயந்த எனக்குத் தெரியாதது, பயப்பட வேண்டிய காலத்தில்தான் அவனோடு ஒரே அறையில் தூங்கினேன் என்பது. நான் போய் மார்புப் படம் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் பாயைக் கொளுத்தினேன். சேத்துப்பட்டு ஆய்வு வெளிவந்து அப்போது பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் விடுதியிலிருந்து அந்த இடத்துக்கு ஒரே பஸ், அரை மணி நேரம். உலகத்துக்கு எட்டிய செய்தி அந்த அரை மணி தூரத்தைத் தாண்டி எங்களிடம் வரவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். ஒன்றரை வருஷம் ஊசியும் மாத்திரையுமாக இருந்து குணமானான். ஆனால் படிப்பைத் தொடர வரவில்லை. 1981-இல் ஒரு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஆள் நல்ல திடமாக இருந்தான். உரக்கடை வைத்திருப்பதாகச் சொன்னான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "கண்ணாடி கிளாஸ்தான், நல்லாக் கழுவித்தான் குடுப்பாங்க" என்று சிரித்தான். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்கு டீ இறங்கவில்லை.

தம்பி தங்கைகளுக்கு இது பழங்கதையாகத் தோன்றலாம். 2023-இல் மட்டும் உலகத்தில் சுமார் ஒரு கோடியே எட்டு லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. பன்னிரண்டரை லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர். இப்போது சாதாரண வகைக்கு ஆறு மாத மருந்து போதும், அரசு மருத்துவமனையில் இலவசம். சில கிருமிகள் ரிஃபாம்பிசினுக்கே அசையாமல் இருக்கின்றன என்பதுதான் புதிய தலைவலி. கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது வருகிறது. மற்றவர்களிடம் அது தூங்கிக்கொண்டிருக்கும், உடம்பு நலியும்போது விழிக்கும். சாப்பாட்டுக்கு இதில் பங்கில்லை என்று 1959 ஆய்வைப் படித்தவர்கள் நினைத்திருக்கலாம். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளிவந்த ஒரு ஆய்வு அதைத் திருத்தியது. நோயாளியின் வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நோயாளியைக் குணப்படுத்துவது மருந்து. பக்கத்தில் இருப்பவரைக் காப்பதில் சோற்றுக்கும் பங்குண்டு. அந்த ஆய்விலும் சேத்துப்பட்டு நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. இப்போது அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காவிட்டால் சளியைச் சோதித்துப் பாருங்கள். பக்கத்து அறைப் பையன் இருமினால் கூட்டிக்கொண்டு போங்கள், கூடப் போங்கள். அதற்குமேல் வைத்தியம் சொல்ல நான் டாக்டர் இல்லை.

செயலாளரிடம் ஒரு விஷயம் கேட்டிருந்தேன். நம் சங்க உறுப்பினர் பட்டியல் படித்து முடித்தவர்களின் பட்டியல். நடுவில் போனவர்கள் அதில் இல்லை. "விதியில இடம் இல்லையே சார்" என்று முதலில் தயங்கினார். பிறகு செயற்குழுவில் பேசி, 1970-73 அணியின் வரிசையில் அந்தப் பெயரையும் சேர்த்துவிட்டார். அழைப்பிதழை நானே கையால் முகவரி எழுதித் தபாலில் போட்டேன். கூடவே அந்த வருஷத்து இந்திய வரலாற்று நோட்ஸ், பழுப்பேறிய நாற்பது பக்கம், அதையும் வைத்து அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. வந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்து இலை அவனுக்கு.