ராமநாதபுரத்துக் கையெழுத்து

திருச்சுழிப் பக்கம் கண்மாய்க்கரை உடைந்தால் மண் சுமக்க ஊரே வரும். மராமத்துக்குப் பணம் வரவோ, விளையாத வருஷத்தில் தீர்வை வஜா ஆகவோ ராமநாதபுரத்துக் கையெழுத்து வேண்டியிருந்தது. அது எந்தெந்தக் கைக்குப் போய் வந்தது என்பதுதான் இந்தக் கதை.

1762இல் ராமநாதபுரம் பட்டத்துக்கு வந்த முத்துராமலிங்க சேதுபதி கைக்குழந்தை. இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றியும் ஒன்பது மாதத்தில் ராஜாவானவர்தான். அவருக்குப் பிரபுக்கள் சபை. இவருக்குத் தாய் முத்துத்திருவாயி நாச்சியாரும் பிரதானி தாமோதரம் பிள்ளையும். பத்து வருஷம் தாயின் கை ஆண்டது. 1772இல் ஆற்காட்டு நவாபின் படையும் ஆங்கிலேயக் கும்பினிப் படையும் கோட்டையைப் பிடித்தன. தாயும் மகனும் திருச்சியில் சிறை. பின்னால் திரும்பிவந்து தன் கையால் ஆண்ட சேதுபதியைக் கும்பினி 1795இல் இறக்கியது. 1803இல் அவருடைய தமக்கை மங்களேசுவரி நாச்சியாருக்கு ஜமீன் சன்னது கிடைத்தது. ராஜ்யம் ஜமீனானது அப்படித்தான்.

1873இல் இன்னொரு முத்துராமலிங்க சேதுபதி இறந்தார். மகன் பாஸ்கரர் 1868இல் பிறந்த சிறுவன். இந்தத் தடவை கையெழுத்து தாயிடம் போகவில்லை. மைனர் ஜமீன்களைப் பார்த்துக்கொள்ளும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸிடம் போயிற்று. 1804ஆம் வருஷத்து ஐந்தாம் ரெகுலேஷன் உண்டாக்கிய அந்தக் கோர்ட், சென்னையிலிருந்த ரெவின்யூ போர்டேதான். தாயிடம் அழுது காரியம் சாதிக்கலாம், போர்டிடம் எப்படி அழுவது? மூன்றே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வேறு வந்தது.

போர்டிடம் மனுவில்தான் அழவேண்டும். அந்தக் காலத்துத் திருச்சுழியில் மனு எழுதிப் பிழைத்து, பிறகு வக்கீலானவர் சுந்தரமய்யர். 1879 டிசம்பர் 30இல் அவருக்குப் பிறந்த வேங்கடராமன்தான் ரமண மகரிஷி.

1889இல் ஜமீன் பாஸ்கரர் கைக்கு வந்தது. கொடுத்துச் சிவந்த கை. விவேகானந்தரை ஆதரித்ததும் அந்தக் கைதான். கடன் ஏறியது. 1895இல் மைனர் மகன் பேருக்கு ஜமீனை டிரஸ்டாக எழுதிவைத்தார். முகமில்லாத போர்டு பத்திரமாய் வைத்திருந்ததை, ஊர் கொண்டாடிய கை ஆறே வருஷத்தில் விட்டது. எனக்கு இன்னும் பாஸ்கரரைத்தான் பிடிக்கிறது. அது வேறு விஷயம்.

1948ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீனை முடித்தது. இன்று திருச்சுழிக்காரர் இணையத்தில் எடுக்கும் பட்டாவில் இருப்பது வட்டாட்சியரின் மின்கையொப்பம்.