மிதிவண்டியில் உலகை வலம் வந்தோர்

பெருங்குடியிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மிதிவண்டியில் ஒருமுறை போய் வந்தாலே நமக்குக் கால்கள் ஓய்ந்துவிடும். 1923 அக்டோபர் 15 அன்று பம்பாய்ப் பளுதூக்கும் கழகத்தைச் சேர்ந்த பார்சி இளைஞர் அறுவர் மிதிவண்டியில் புறப்பட்டதோ, உலகையே சுற்றி வருவதற்கு!

பஞ்சாபையும் பலூசிஸ்தானத்தையும் கடந்து பாரசீகம் புகுந்தனர். தெஹ்ரானில் நரிமான் கபாடியா விடைபெற்று ஊர் திரும்பினார். எஞ்சியோர் பாக்தாதிலிருந்து அலெப்போ நோக்கிப் பாலைவனத்துள் இறங்கினர். சாலை இல்லாத இடத்தில் மிதிவண்டி ஊர்தி அன்று. தள்ளிச் செல்லவேண்டிய சுமை. மணலில் சக்கரம் புதையும். தண்ணீரோ கையோடு கொண்டுசென்ற அளவுதான்.

ஐரோப்பாவைத் தாண்டி அமெரிக்கா சேர்ந்தபின் மேலும் இருவர் பிரிந்தனர். அவருள் குஸ்தாத் ஹாதிராம் அங்கேயே தங்கிவிட்டார். தெஹ்ரான்வரை மட்டுமே மிதித்தவரையும்கூடக் கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவரே ஜப்பான், கொரியா, சீனம், இந்தோசீனம், சயாம், பர்மா வழியாக வந்து, 1928 மார்ச் 18 அன்று பம்பாய் சேர்ந்தனர். கடந்த தொலைவு சுமார் 71,000 கிலோமீட்டர்.

அவர்களது பயண நூல் 1931-இல் வெளிவந்தது. அந்நாளில் அடிக்கடி சிறைபுகுந்துகொண்டிருந்த ஜவஹர்லால் நேரு அதற்கு முன்னுரை எழுதினார். அவ்விளைஞர்மீது தமக்குப் பொறாமை உண்டென்று அதில் அவர் ஒளிக்காமல் சொல்கிறார்.