திருமழிசையாழ்வார் சமயம் கண்ட நெறி

ஒருவர் தம் சமயத்தை எவ்வாறு கண்டடைந்தார் என்னும் வினா, சமய வரலாற்றில் எளிதிற் கேட்கப்படுவது. அரிதில் விடை காணப்படுவது. மன்னன் எடுத்த கோயிலைக் கல்வெட்டுக் கூறும். மடத்திற்கு விட்ட நிலத்தின் நான்கெல்லைகளையும் செப்பேடு கூறும். நெஞ்சம் ஒரு நெறியினின்று மற்றொரு நெறிக்குத் திரும்பிய நாளைக் குறித்துவைத்த ஆவணமோ கிடைப்பதரிது. ஆதலின் வரலாறு எழுதுவோர் அடியார் சரிதங்களையே பெரிதும் நாடுகின்றனர். அச்சரிதங்கள், அடியார் மறைந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், அவரைத் தம்மவர் எனக் கொண்டாடிய கூட்டத்தாரால் இயற்றப்பட்டவை. அடியாரே பாடிய பாடல்கள் நம் கையில் இருக்கும்போதும், அவற்றைச் சரிதம் காட்டிய வழியிலேயே நின்று படிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இவ்வழக்கத்தால் நாம் இழப்பது யாது என்பதைத் திருமழிசையாழ்வாரைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

திருமழிசை, பழந்தொண்டைநாட்டில், பூவிருந்தவல்லியை அடுத்துத் திருவள்ளூர் செல்லும் வழியில் உள்ளது. 1997-இல் அமைந்த திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்தது. கும்மிடிப்பூண்டியைப் போலவே தொழிற்பேட்டையால் இன்று பலரும் அறியும் ஊராயிற்று. ஆயினும் சகந்நாதப் பெருமாள் கோயிலும் ஒத்தாண்டேசுவரர் கோயிலுமாக மாலும் சிவனும் ஓரூரில் வீற்றிருக்கும் பழைய அமைப்பு அங்கே இன்றும் காணத்தக்கது. ஆழ்வார் தோன்றியதாகக் கொள்ளப்பெறும் தை மகம் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகின்றது.

அவர் வாழ்ந்த காலச் சூழலை முதற்கண் அறிதல் வேண்டும். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசம் என்னும் எள்ளல் நாடகத்தில் காபாலிகன் ஒருவனும் புத்தத் துறவி ஒருவனும் காணாமற்போன ஓர் ஓட்டுக்காகத் தெருவில் வழக்கிடுகின்றனர். பாசுபதன் ஒருவன் நடுவு நிற்க வருகின்றான். ஏறத்தாழ 640-இல் காஞ்சி பற்றிக் குறிப்பெழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட புத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் அங்கு இருந்தனர் என்றும், எண்பது அளவான தேவர் கோயில்கள் இருந்தன என்றும், நிர்க்கந்தராகிய சமணர் மிகப் பலர் என்றும் கூறுகின்றார். எண்களில் மிகை இருக்கலாம். சூழலைப் பற்றி ஐயமில்லை. காஞ்சிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் பிறந்த அறிவுடைய இளைஞன் ஒருவனுக்குச் சமயம் என்பது தந்தை வழியே வந்து சேரும் உடைமையாக மட்டும் இருந்திராது. கேட்டும் ஒப்பிட்டும் தெரிந்தெடுக்க வேண்டியதாகவும் இருந்திருக்கும்.

இனிச் சரிதம் கூறுவதைக் காண்போம். வடமொழித் திவ்விய சூரி சரிதமும் பின்பழகிய பெருமாள் சீயரின் ஆறாயிரப்படி குருபரம்பரையும் இதற்கு முதன்மையானவை. பார்க்கவ முனிவர்க்கும் கனகாங்கி என்னும் தெய்வப் பெண்ணுக்கும் உருவற்ற பிண்டமாகப் பிறந்து கைவிடப்பட்ட குழவியை, பிரம்பு அறுத்துப் பிழைக்கும் திருவாளன் என்பவன் கண்டெடுக்கின்றான். அவன் மனைவி பங்கயச்செல்வி வளர்க்கின்றாள். குழவி பால் உண்ணாதிருக்க, நான்காம் வருணத்து முதியவர் ஒருவர் தம் மனைவியுடன் கொணர்ந்த பாலை மட்டும் உண்கின்றது. வளர்ந்தபின் சமணம், பௌத்தம் முதலிய நெறிகளின் நூல்களை முறையே கற்று ஒவ்வொன்றிலும் நிறைவு காணாது, சிவநெறியில் புகுந்து சிலகாலம் நிற்கின்றார். அந்நிலையில் மயிலைப் பக்கத்தே பேயாழ்வாரைச் சந்திக்கின்றார். பேயாழ்வார் செடியைத் தலைகீழாக நட்டு, ஓட்டைக் குடத்தால், இற்ற கயிறு கொண்டு நீர் இறைத்துக்கொண்டிருக்கின்றார். இஃதென்ன பேய்ச்செயல் என இவர் வினவ, நின் செயல் மட்டும் எத்தன்மைத்து என அவர் திருப்பிக் கேட்க, இருவரும் வாதிடுகின்றனர். முடிவில் இவர் அவர்க்கு மாணாக்கராகின்றார்.

கதை நயமுடையது, நூற்றாண்டுகள் பல கடந்து நினைவில் நிற்பதற்குத் தலைகீழாக நட்ட அச்செடி ஒன்றே போதும். ஆயின் அது செய்யும் வேலையைக் கவனித்தல் வேண்டும். மாணாக்கர் கற்ற ஆண்டுகள் அனைத்தையும் அது ஓட்டைக் குடத்து நீராக்கிவிடுகின்றது. சமயம் காண்டல் என்பது ஒரு கணத்தில், ஆசிரியர் ஒருவர் வாயிலாக நிகழும் என்றும், அதற்கு முன்னர்க் கற்றது வீண் என்றும் கேட்போர் கொள்கின்றனர். குருபரம்பரை என்னும் பெயர்க்கு ஏற்ப, ஆசிரியரிடமிருந்து மாணாக்கர்க்குத் தொடர்பு காட்டுவதே அந்நூலின் நோக்கமாகலின், இதில் வியப்பொன்றும் இல்லை. எனினும் கதையாசிரியரே வாதம் ஒன்றை இடையில் வைத்தது நம் கவனத்திற்குரியது. செடியைக் கண்ட அளவில் ஆழ்வார் மாறினார் என அவர் எழுதத் துணியவில்லை. வாதிடாமல் மாறக்கூடியவர் அல்லர் இவர் என்ற நினைவு மரபில் எஞ்சியிருந்தது போலும்.

பல சமயம் கற்ற செய்திக்குச் சான்றாக ஆழ்வார் பெயரால் தனிப்பாடல் ஒன்றும் வழங்குகின்றது. சாக்கியத்தையும் சமணத்தையும் கற்று, சிவாகமங்களையும் ஆராய்ந்து, நற்பேற்றினால் திருமாலைச் சேர்ந்ததாகவும், இனித் தமக்கு அரியதொன்று இல்லை எனவும் அது கூறுகின்றது. இப்பாடல் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்துள் இடம்பெறவில்லை. ஆகவே அதனை ஆழ்வார் வாக்கென்று உறுதியாகக் கொள்ளுதல் இயலாது. மரபின் சான்றாகக் கொள்ளலாம். அவ்வளவிலும் அதன் சொற்போக்கு நோக்கத்தக்கது. முந்தைய கல்வியைப் பற்றிக் கழிவிரக்கம் அதில் இல்லை. கற்றதும் ஆராய்ந்ததும் சேர்ந்ததும் ஒரே வரிசையில், ஒரே மிடுக்குடன் சொல்லப்படுகின்றன. திருநாவுக்கரசர் சமணரொடு கழித்த நாள்களை எண்ணித் தம் பதிகங்களிலே மீளமீள வருந்துவதோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அவரை மீட்டது சூலை நோய். உடலின் துன்பம் வழியாக வந்த மாற்றம் அது. இவரை மீட்க நோய் வந்ததாக எந்தச் சரிதமும் கூறவில்லை.

இனி ஆழ்வாரின் சொந்தப் பாடல்கள். நான்முகன் திருவந்தாதி 96 வெண்பாக்களும் திருச்சந்த விருத்தம் 120 பாடல்களும் அவருடையனவாகப் பிரபந்தத்துள் உள்ளன. அந்தாதியின் தொடக்கப் பகுதியிலேயே சமணர்க்கு அறியாமையையும், பௌத்தர்க்கு மயக்கத்தையும், சிவநெறியார்க்குச் சிறுமையையும் ஏற்றிக் கூறும் வெண்பா ஒன்று வருகின்றது. அக்காலத்துச் சமயப் பூசலின் சூடு அதில் உண்டு; இன்று நாம் அதனைப் பாராட்ட வேண்டுவதில்லை. ஆயினும் மூன்று சமயங்களுக்கும் ஒரே வசையைப் பொதுவாக வீசாமல், ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு குறை காண்பது, அவற்றைப் புறத்தே நின்று மட்டும் கண்டவர் செய்யும் செயலன்று என எண்ண இடமுண்டு. இது வலிய சான்று அன்று, துணைச் சான்றே.

வலிய சான்று திருச்சந்த விருத்தத்தின் முதற்பாடலில் உள்ளது. நிலத்தில் ஐந்து, நீரில் நான்கு, தீயில் மூன்று, வளியில் இரண்டு, விசும்பில் ஒன்று என ஐம்பூதங்களின் குணங்களை எண்ணிக்கொண்டே சென்று, அனைத்துமாய் நிற்பவன் திருமால் என அப்பாடல் தொடங்குகின்றது. எண்ணிப் பகுத்துப் பொருளை உணர்த்தும் இம்முறை நூல் முழுவதும் திரும்பத் திரும்ப வருகின்றது. தத்துவங்களை எண்ணிட்டு ஆராயும் தருக்கப் பள்ளிகளில் பயின்ற ஒருவரின் மனப்பழக்கம் இது. எந்தப் பள்ளி என்று நாம் சுட்டிக் கூற முற்படவில்லை; குணங்களை எண்ணும் கணக்குப் பல சமயத்தார்க்கும் பொதுவாக வழங்கியது. ஆனால் பேயாழ்வாரின் மூன்றாம் திருவந்தாதி, திருவைக் கண்டதாகவும் பொன்மேனியைக் கண்டதாகவும் காட்சியிலே தொடங்க, அவர்தம் மாணாக்கர் எனப்படுபவர் கணக்கிலே தொடங்குகின்றார் என்பது எண்ணத்தக்கது. ஓட்டைக் குடத்திலிருந்து நீர் முழுவதும் ஒழுகிவிடவில்லை.

அந்தாதியில் மற்றோர் இடத்தில், தாம் பொழுது போக்கிய வகையை ஆழ்வாரே கூறுகின்றார். இறைவனை உள்ளத்தே தரித்து, அவனைப் பற்றி எழுதியும் வாசித்தும் கேட்டும், வணங்கியும் பூசித்தும் தம் நாள்கள் சென்றன என்பது அவ்வெண்பாவின் கருத்து. வழிபாட்டிற்கு முன்னே எழுத்தும் வாசிப்பும் கேள்வியும் வைக்கப்பட்டுள்ள வரிசையை நாம் எளிதாகக் கடந்துவிடுதல் கூடாது. ஏட்டை விடாமலே பற்றடைந்தவர் ஒருவரை இங்குக் காண்கின்றோம்.

சரிதத்திற்கும் பாடலுக்கும் நேர்முரண் தோன்றும் இடம் ஒன்றுண்டு. காஞ்சியின் ஊரகத்தில் நின்றும், பாடகத்தில் இருந்தும், வெஃகாவில் கிடந்தும் இறைவன் காட்சி தருவதைப் பாடும் விருத்தத்தில், அவையெல்லாம் நிகழ்ந்தபோது தாம் பிறக்கவில்லை என்றும், பிறந்தபின்னர் மறக்கவில்லை என்றும் ஆழ்வார் கூறுகின்றார். இதனை உள்ளவாறே கொண்டால், பிறந்த நாள் முதல் திருமாலை மறவாதவர் சமணமும் பௌத்தமும் சைவமும் சுற்றிவந்தார் என்பது பொய்யாகும். சரிதத்தைக் கொண்டால் பாடல் பொருந்தாது போகும். வைணவ உரைமரபினர், பிறத்தல் என்பதை அறிவு பிறத்தலாகக் கொண்டு இம்முரணைத் தீர்ப்பதுண்டு. உரையாளர் இடர்ப்பாடு நீக்கச் சொன்ன அமைதி இது எனத் தள்ளிவிடலாம். நாம் அங்ஙனம் தள்ளவில்லை. சமயம் கண்ட நாளே தாம் பிறந்த நாள் என எண்ணுவது, நெடுந்தேட்டத்தின் பின் ஒன்றைக் கண்டவர்க்கே இயல்பாக வரும். தேடாமலே பெற்றவர்க்கு அத்தகைய இரண்டாம் பிறப்புத் தேவையில்லை.

இதற்கு எதிர்நிலைச் சான்றும் இப்பகுதியிலேயே கிடைக்கின்றது. திருவாலங்காட்டில் இறைவன் ஆடல் கண்டு பாடிய காரைக்காலம்மையார், தம் அற்புதத் திருவந்தாதியின் முதல் வெண்பாவில், பிறந்து பேசப் பழகிய காலந்தொட்டே இறைவன்மேல் காதல் வளர்ந்ததாகக் கூறுகின்றார். அங்கே பிறப்பு உடற்பிறப்பே. மொழி பயின்றதைச் சேர்த்துச் சொல்லியமையால் வேறு பொருள் கொள்ள இடமில்லை. பெரியபுராணமும் இதற்கு மாறுபடவில்லை. இருவர் கூற்றிலும் மறவாமை ஒன்றே. தொடங்கிய இடம் வேறு.

பிறப்பைப் பற்றிய மற்றொரு விருத்தம் இதனினும் கடுமையான சிக்கலை எழுப்புகின்றது. நான்கு குலங்களுள் ஒன்றிலும் தாம் பிறக்கவில்லை என்றும், நன்மை தரும் கலைகள் நான்கிலும் பயிலவில்லை என்றும், புலன்களையும் வெல்லவில்லை என்றும் கூறி, இறைவன் திருவடியன்றி வேறு பற்றில்லை என அவர் முறையிடுகின்றார். பணிவு மொழியாகிய இதன் பிற்பகுதியை எழுத்தெண்ணிக் கொள்ளவேண்டுவதில்லை. முற்பகுதியோ அத்தகையதன்று; குலமில்லை என்பதனை ஒருவர் பணிவுக்காகப் புனைந்து கூறார். முனிவரின் மகன் என்னும் சரிதச் செய்தி இக்கூற்றை விளக்க எழுந்ததா, மறைக்க எழுந்ததா? பிரம்பு அறுப்பவன் இல்லத்தை நீக்கச் சரிதகாரரால் இயலவில்லை. நினைவு அத்துணை வலிதாக இருந்தது. அதற்கு முன்னே முனிவரை வைக்க மட்டும் இயன்றது. பெரும்புலியூரில் வேதம் ஓதியோர் இவரைக் கண்டதும் ஓதலை நிறுத்தினர் என்றும், பின் விட்ட இடம் மறந்து திகைத்தபோது இவரே கருநெல்லை நகத்தால் பிளந்து குறிப்பால் உணர்த்தினார் என்றும் அதே மரபு கூறுவது கருதற்பாலது. முனிவர் மகன் என்பதை அவ்வூரார் எவரும் அறிந்ததாகத் தெரியவில்லை.

இதனோடு சேர்த்து எண்ணின், தேட்டத்திற்கும் ஒரு காரணம் புலப்படும். பிறப்பால் வேதக் கல்விக்கு உரியவரல்லாத ஒருவர்க்கு, எல்லார்க்கும் கதவு திறந்திருந்த சமணப் பள்ளியும் புத்தப் பள்ளியுமே முதற்கல்விச் சாலைகளாக அமைந்திருத்தல் இயல்பு. சமயம் நாடிச் சென்றாரா, கல்வி நாடிச் சென்று சமயங்களைக் கண்டாரா என்பதைப் பிரித்தறிவது அரிது. இரண்டாவதே பொருந்தும் என்பது நம் கருத்து.

காலம் பற்றி ஒரு சொல். நான்முகன் திருவந்தாதியின் இறுதிப் பகுதியில் இறைவனைக் குணபரன் என விளிக்கும் இடத்தைக் கொண்டு, அப்பட்டம் பூண்ட மகேந்திரவர்மன் காலத்தவர் ஆழ்வார் என்பர் ஆராய்ச்சியாளர் சிலர். அம்மன்னன் திருச்சிராப்பள்ளிக் குடைவரையில் வெட்டிய வடமொழிக் கல்வெட்டு, குணபரன் என்னும் வேந்தன் எதிர்நெறியினின்று திரும்பியதை இலிங்கத்தோடு இயைத்துத் தருக்க நூற்சொற்களால் இருபொருள்படக் கூறுகின்றது. மாற்றத்தைத் தருக்க மொழியில் சொல்வது அக்கால வழக்கு என்பதற்கு அது நல்ல சான்று. ஆழ்வார் காலத்தை அவ்வொரு சொல்லின்மேல் நிறுத்துவதோ மிகை. திருமாலை விளிக்கும் இடத்தில் நற்குணங்களையுடையவன் என்னும் பொருளே போதியது. ஏழாம் நூற்றாண்டை ஒட்டியவர் என்றளவில் அமைவோம். சிவவாக்கியரும் இவரும் ஒருவரே என்னும் செவிவழிச் செய்தி, இருவர் பாடல்களின் சந்த ஒற்றுமையால் எழுந்தது. இன்று சிவவாக்கியர் பெயரால் வழங்கும் பாடல்களின் மொழிநடை பிற்காலத்தது. அதனை மேலும் விரிக்க வேண்டுவதில்லை.

முன்னர்க் கூறிய காஞ்சி விருத்தத்தின் முடிவுக்கு மீள்வோம். மூன்று கோயில்களிலும் இறைவன் நின்றதும் இருந்ததும் கிடந்ததும் தம் நெஞ்சினுள்ளே என அது முடிகின்றது. திருமழிசைக்கு அணித்தாகிய திருநின்றவூரில், பொருளில்லாத பூசலார் நெஞ்சினுள்ளே கோயில் எடுத்து, காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர் கோமானுக்கு முன்னதாகக் குடமுழுக்கு நாள் பெற்றார் எனப் பெரியபுராணம் கூறும். அம்மன்னனை இராசசிம்மன் எனக் கொள்வர். காஞ்சிக் கயிலாசநாதர் கோயிற் கல்வெட்டும் அவன் உருவற்ற குரலொன்றைக் கேட்டதாகக் குறிக்கின்றது. ஒருவர் மாலடியார், மற்றவர் சிவனடியார். ஒருவர்பால் ஏடு மிக்கிருந்தது, மற்றவர்பால் செங்கல்லும் இல்லை. அண்மையிலுள்ள இவ்விரண்டு ஊர்களும் காஞ்சியின் பெருங்கோயில்களை நோக்கி ஒரே விடையைச் சொல்லியிருப்பது, ஒன்றிலிருந்து ஒன்று பெற்றதா, தொண்டைநாட்டு மக்களிடையே முன்னரே வழங்கிய எண்ணம் ஒன்றை இரண்டும் தனித்தனியே எடுத்தாண்டனவா என்பது தனியே ஆராய்தற்குரியது.