கொள்ளைநோய்க்குப் பின் சூரத்: ஒரு மாநகராட்சி மீட்டெடுத்த நம்பிக்கை

1994 செப்டம்பரின் பிற்பகுதியில் சூரத் நகரம் தன் மக்களாலேயே கைவிடப்பட்டது. நுரையீரல் பிளேக் பரவுகிறது என்ற செய்தி வெளியான சில நாட்களுக்குள் இலட்சக்கணக்கானோர் தொடர்வண்டிகளிலும் பேருந்துகளிலும் ஏறி வெளியேறினர். தனியார் மருத்துவர்கள் பலர் மருத்துவமனைகளைப் பூட்டிச் சென்றனர். மருந்துக்கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்தது. சூரத்திலிருந்து வந்தவர் என்பதாலேயே பிற நகரங்களின் தொடர்வண்டி நிலையங்களில் பயணிகள் நிறுத்திச் சோதிக்கப்பட்டனர். இறந்தோர் ஐம்பதைச் சற்றே கடந்தவர்கள்தாம். ஆயினும் அச்சத்தின் பரப்பு நாட்டின் எல்லையையும் தாண்டியது. வளைகுடா நாடுகள் சில இந்திய விமானங்களையே தடுத்தன.

இத்துன்பம் திடீரென வந்ததன்று. 1961இல் மூன்று இலட்சத்தை எட்டாத சூரத்தின் மக்கள்தொகை 1991இல் பதினைந்து இலட்சத்தை நெருங்கியிருந்தது. விசைத்தறிக்கும் வைரம் பட்டை தீட்டும் தொழிலுக்கும் ஒடிசா, மகாராட்டிரம், சௌராட்டிரம், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்து குவிந்தனர். செல்வம் பெருகிய வேகத்தில் கழிவுநீர்க் கால்வாய்களும் கழிப்பிடங்களும் பெருகவில்லை. அவ்வாண்டு மழையில் தபதி ஆறு பெருக்கெடுத்துத் தாழ்வான குடியிருப்புகளை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்த பின்னும் சேறும் குப்பையும் செத்த விலங்குகளும் அகற்றப்படாமல் கிடந்தன. நோய் முதலில் தாக்கியது இத்தகைய பகுதிகளையே.

பொதுச் சுகாதாரம், துப்புரவு, குடிசைப் பகுதி மேம்பாடு ஆகியவற்றை நகராட்சிகளுக்கு உரியனவாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்திய 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1993 சூன் முதல் நாளிலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. சட்டத்தில் எழுதப்பட்ட பொறுப்பு தெருவை எட்டவில்லை என்பதை அடுத்த ஆண்டே சூரத் காட்டிவிட்டது. எனவே நோய் அடங்கியதும் அந்நகரின் முன் நின்ற வினா மருந்தைப் பற்றியதன்று. தங்களைக் காக்கத் தவறிய ஒரு மாநகராட்சியை மக்கள் மீண்டும் எவ்வாறு நம்புவர் என்பதே அது.

1995 மே மாதம் ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ராவ் கையாண்ட வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. நகரம் ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. செலவிடும் அதிகாரமும் முடிவெடுக்கும் அதிகாரமும் மண்டலத் தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. உயர் அலுவலர்கள் முற்பகல் முழுவதும் தெருவில் நின்று பணியைப் பார்த்த பின்னரே அலுவலகம் திரும்ப வேண்டும் என்பது விதியாயிற்று. முதன்மைச் சாலைகள் இரவிலும் பெருக்கப்பட்டன. குடிசைப் பகுதிகளுக்குத் தளமிட்ட பாதைகளும் பொதுக் கழிப்பிடங்களும் சென்றன. காய்ச்சல் கண்டோரின் எண்ணிக்கை பகுதிவாரியாகத் திரட்டப்பட்டது. சுகாதாரமற்ற உணவகங்கள் தண்டிக்கப்பட்டன. ஆக்கிரமிப்புகளை அகற்றும்போது செல்வாக்குடையோரின் கட்டடங்களும் தப்பவில்லை என்பதே மாநகராட்சியின் சொல்லுக்கு மதிப்பைத் தேடித் தந்தது. 1996இல் இன்டாக் அமைப்பு சூரத்தைச் சண்டிகருக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது தூய்மையான நகரமாக அறிவித்தது.

இவ்வரலாற்றை ஒரு தனிமனிதரின் வீரக்கதையாகச் சுருக்குவது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. தெருவைத் தூய்மையாக்கிய கைகள் துப்புரவுத் தொழிலாளர்களுடையவை. அஞ்சி ஓடியோர் திரும்பி வருமுன்னரே குப்பையை அள்ளியவர்களும் அவர்களே. நகரின் பெயர் உயர்ந்த அளவுக்கு அவர்கள் வாழ்வு உயர்ந்ததாகச் சொல்ல இயலாது. இரவுத் துப்புரவு பெரிதும் ஒப்பந்த முறைக்கே விடப்பட்டது. சாலைகள் அகன்றபோது வறியோரின் இருப்பிடங்களும் இடிபட்டன. மீட்சியின் கணக்கை எழுதுவோர் இந்தச் செலவையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இருப்பினும், ராவ் மாற்றலாகிச் சென்ற பின்னும் அந்த அன்றாட ஒழுங்கு கலையவில்லை. அதற்கான கடுஞ்சோதனை 2006 ஆகத்தில் வந்தது. உகாய் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் நகரின் பெரும்பகுதி மூழ்கியது. 1994ஐ விடப் பெரிய வெள்ளம் அது. உயிரிழப்பும் பொருளிழப்பும் கடுமையாக இருந்தன. ஆனால் நீர் வடிந்தவுடன் சேறும் குப்பையும் விரைந்து அகற்றப்பட்டன. மருத்துவக் குழுக்கள் பகுதி பகுதியாகச் சென்றன. அஞ்சிய பெருங்கொள்ளைநோய் வரவில்லை. மக்களும் நகரைவிட்டு ஓடவில்லை.

பேரிடருக்குப் பின் நிவாரணத் தொகை அறிவிப்பதும் நினைவுத்தூண் எழுப்புவதும் அரசுகளுக்கு வழக்கம். அவற்றுக்கும் இடமுண்டு. ஆயினும் துயருற்ற ஓர் ஊர் தேறுவதற்கு, நாள்தோறும் தெருமுனைக்கு வரும் குப்பைவண்டியும், முறையீட்டுக்குக் கிடைக்கும் மறுமொழியும், காய்ச்சலை எண்ணிப் பார்க்கும் ஒரு பணியாளரும் தேவை. இவற்றைத் தலைநகரிலிருந்து அனுப்ப இயலாது. அண்மையில் நிற்கும் உள்ளாட்சியே தர இயலும். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் நேர்ந்த இரண்டு வெள்ளங்களுக்கு இடையே சூரத் கற்றுக்கொண்ட பாடம் அதுவே.