ஆத்தூர் பாலத்தில் கேட்ட சத்தம்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே தள்ளிப் போட்ட விஷயம். போன மாசம் என் கார் அதை ஞாபகப்படுத்திடுச்சு.

வண்டி பழசு. கார்புரேட்டர் காலத்து வண்டி. தூத்துக்குடி போயிட்டு காயல்பட்டினத்துக்குத் திரும்பி வந்துக்கிட்டிருந்தேன். பழையகாயல் தாண்டி, முக்காணி தாண்டி, தாமிரபரணிப் பாலம் ஏறும்போது இன்ஜினுக்குள்ள இருந்து ஒரு சத்தம். காலி டப்பாவுல கடலைப் பருப்பைப் போட்டுக் குலுக்கின மாதிரி கிலுகிலுன்னு. பாலத்து மேட்டுல ஆக்சிலேட்டரை மிதிச்சா வருது, காலை எடுத்தா நின்னுடுது. ஆத்தூர்ப் பக்கம் இறங்கினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி வண்டி சாதுவா ஓடுது.

முதல்ல ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். பானெட்டைக்கூட சரியாத் திறக்கலை. "பேரிங் போச்சு சார், இன்ஜினை இறக்கி போர் வேலை பார்க்கணும்"னு ஒரு தொகை சொன்னாங்க. அந்தத் தொகைக்கு அந்த வண்டி மாதிரி இன்னொரு வண்டியே வாங்கலாம்!

வேற ஆளா இருந்தா தலையாட்டியிருப்பேன். ஆனா எங்க வீட்டுல இந்த வார்த்தைக்கு ஒரு சரித்திரம் இருக்கு. 1980கள்ல வாப்பா ஒரு கார் வச்சிருந்தாங்க. அதுலயும் இப்படித்தான் ஒரு சத்தம். "இன்ஜின் போச்சு"ன்னு ஒருத்தர் சொன்னதை நம்பி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டாங்க. வாங்கினவர் அதை வாடகைக்கு ஓட்டினார். கல்யாண வீட்டுக்கு, கந்தூரிக்கு, ஆஸ்பத்திரிக்குன்னு எட்டு வருஷம் அது எங்க தெரு வழியாவே ஓடிக்கிட்டிருந்துச்சு. அது போறப்பல்லாம் வாப்பா வாசல்ல இருந்து எழுந்து உள்ள போயிடுவாங்க. ஒரு வார்த்தை பேசினதில்லை.

அதனால இந்தத் தடவை ஆறுமுகனேரி பக்கம் இருக்கற ஒரு வயசான மெக்கானிக்கிட்ட போனேன். அவர் பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி கேட்டது ஒரே கேள்வி: "அண்ணாச்சி, சத்தம் எப்ப வருது?"

எங்க வருதுன்னு இல்லை, எப்ப வருது! நான் சொன்னதைக் கேட்டுட்டு, ஒரு நீளத் திருப்புளியை எடுத்து, அதோட முனையை இன்ஜின் மேல வச்சு, பிடியைக் காதுல ஒட்டிக்கிட்டு நின்னார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைக்கற மாதிரியேதான். அன்னிக்கு அவர் சொல்லிக் கொடுத்ததை எனக்குப் புரிஞ்ச அளவுல எழுதறேன், யாருக்காவது உதவும்.

டிக் டிக்னு மேல் பக்கமா, வண்டி நின்னாலும் ஓடினாலும் விடாம வந்தா அது டப்பட் சத்தம். கேம் ஷாஃப்ட், கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா ஒரு சுத்துதான் சுத்தும். அதனால இந்த டிக் டிக் இன்ஜின் வேகத்துல பாதி வேகத்துலதான் கேட்கும். இடைவெளியை சரி பண்ணினா போதும்.

அடியில இருந்து கனமா தொம் தொம்னு வந்தா பேரிங்கைச் சந்தேகப்படணும். ஒவ்வொரு பிளக் வயரா கழட்டிப் பார்க்கணும். எந்த சிலிண்டரோட வயரைக் கழட்டும்போது சத்தம் அடங்குதோ, வியாதி அங்க.

தகரம் நடுங்கற மாதிரி, ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் வந்தா, சைலன்சர்லயோ அதோட மறைப்புத் தகடுலயோ ஒரு போல்ட் லூசு. பாதி பேர் பயந்து ஓடி வர்றது இந்தப் பத்து ரூபா போல்ட்டுக்குத்தானாம்.

நாலாவதுதான் என் வண்டிக்கு. மேடு ஏறும்போது, பாரம் இழுக்கும்போது, டாப் கியர்ல மெதுவா போகும்போது மட்டும் வரும். காலை எடுத்தா போயிடும். "இது பேரிங் இல்ல அண்ணாச்சி, நாக்கிங். யாரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை முன்னால தள்ளியிருக்காங்க."

முன்னாடி சர்வீஸ் பண்ணின யாரோ, பிக்கப் கூடட்டும்னு செஞ்ச வேலை. அவர் ஒரு நட்டைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சூண்டு திருப்பி, மறுபடி இறுக்கினார். ரெண்டு பேருமா பாலம் வரைக்கும் போய் ஏறிப் பார்த்தோம். சத்தம் இல்லை. வாங்கின காசு 200 ரூபா.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறலை. இந்த நாக்கிங்கோட கதையைத் தேடிப் படிச்சேன். இனி வரலாறு.

இன்ஜினுக்குள்ள நடக்கறது இதுதான். பிளக் பொறி வச்சதும் நெருப்பு ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு, காய்ஞ்ச வயல்ல தீ பரவற மாதிரி வரிசையா போகணும். ஆனா தீ வந்து சேர்றதுக்கு முன்னாடியே கடைசி மூலையில இருக்கற பெட்ரோல் ஆவி நசுங்கிச் சூடாகித் தானாவே ஒரேயடியா வெடிச்சா, அந்த அதிர்ச்சியில இரும்பே மணி மாதிரி அதிரும். நம்ம காதுல விழறது அந்த அதிர்வு. உள்ள எதுவும் எதோடயும் மோதறதில்லை. ஆனா கண்டுக்காம விட்டா பிஸ்டன்ல ஓட்டையே விழலாம்.

இதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள பெரிய பெரிய ஆட்களே தப்பான வாசலைத்தான் தட்டியிருக்காங்க. 1912ல அமெரிக்காவுல கெட்டரிங்கோட எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் காடிலாக் கார்ல வந்துச்சு. அப்பத்தான் இந்தச் சத்தமும் பெரிய புகாராச்சு. பழி கெட்டரிங்கோட பேட்டரி இக்னிஷன் மேல விழுந்துச்சு. காரணம் எரிபொருள்லதான் இருக்குன்னு நிரூபிக்க அவர் 1916ல தாமஸ் மிட்ஜ்லிங்கற இளைஞரை இறக்கினார். இங்கிலாந்துல ஹாரி ரிக்கார்டோவும் இதே கேள்வியோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தார். பொறி வைக்கறதுக்கு முன்னாடியே எரியறது வேற, பொறி வச்ச பிறகு கடைசி மூலை வெடிக்கறது வேறன்னு அவங்க பிரிச்சுக் காட்டினாங்க.

இதுல ஒரு வேடிக்கை. சிவப்பு நிறம் சூட்டை நல்லா இழுக்கும், அதனால பெட்ரோலுக்குச் சிவப்புச் சாயம் போட்டா சரியாகும்னு ஒரு யோசனை. கைவசம் சாயம் இல்லை. மிட்ஜ்லி அயோடினைக் கலந்து பார்த்தார். சத்தம் அடங்கிடுச்சு! அப்புறம் நிஜச் சாயத்தைக் கலந்து பார்த்தா ஒண்ணும் நடக்கலை. பலன் சரி, காரணம் தப்பு. அனிலின், செலினியம், டெல்லூரியம்னு என்னென்னவோ போட்டுப் பார்த்தாங்க. டெல்லூரியம் பூண்டு நாத்தம் அடிச்சு ஆளையே ஊர்ல சேர்க்க விடாத அளவுக்கு ஆக்கிடுச்சு.

கடைசியா 1921 டிசம்பர் 9ல டெட்ரா எத்தில் லெட், அதாவது ஈயம் கலந்த ஒரு திரவம். ஒரு சிட்டிகை போட்டாலே சத்தம் கப்சிப். 1923 பிப்ரவரியில டேட்டன் நகர பங்க்ல விற்பனைக்கே வந்துடுச்சு. ஈயம்ங்கற வார்த்தை இல்லாம "எத்தில்"னு பேர் வச்சாங்க. ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும்னு அவங்களுக்கே தெரியும். ஆனா அதுக்கு நிறைய கலக்கணும். யார் வேணும்னாலும் காய்ச்சலாம், ஏகபோகம் கிடைக்காது. ஈயம் கொஞ்சம் போதும், பேட்டன்ட்டும் கையில.

1924 அக்டோபர்ல நியூஜெர்சியில இதைத் தயாரிச்ச ஆலையில தொழிலாளிங்க புத்தி பேதலிச்சு, 5 பேர் செத்துப்போனாங்க. அதே மாசம் மிட்ஜ்லி பத்திரிகைக்காரங்க முன்னாடி அந்தத் திரவத்துல கை கழுவி, முகர்ந்து காட்டினார், ஒண்ணும் ஆகாதுன்னு. அதுக்கு முந்தின வருஷம் அவரே ஈய விஷம் ஏறி ஓய்வெடுத்துட்டு வந்தவர்! சத்தம் நின்னுடுச்சுல்ல, போதும்னு உலகம் அதை வாங்கிக்கிச்சு.

அந்த விஷம் நம்ம ஊர் பங்க் வரைக்கும் வந்துச்சு. 1994க்கு முன்னாடி இந்தியப் பெட்ரோல்ல லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம்னு விதி. எம்.சி. மேத்தா சுப்ரீம் கோர்ட்ல நடத்தின வழக்குகளோட அழுத்தத்துல 1995 ஏப்ரல்ல சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல ஈயமில்லாத பெட்ரோல் வந்துச்சு. 1990களோட கடைசியில பெங்களூரு ஜார்ஜ் ஃபவுண்டேஷன் பெருநகரங்கள்ல ரத்தப் பரிசோதனை செஞ்சப்ப, 12 வயசுக்குக் கீழ இருந்த பிள்ளைகள்ல பாதிப்பேருக்கு மேல டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டி ஈயம் இருந்துச்சு. பிள்ளைகளோட மூளையைத் தொடுற விஷம் அது. 2000 பிப்ரவரி 1ல நாடு முழுக்க ஈயத்தை நிறுத்தினாங்க. உலகத்துல கடைசியா நிறுத்தினது அல்ஜீரியா, 2021 ஜூலையில.

ஒரு சத்தத்தை அடக்க நூறு வருஷம் விஷம் குடிச்சிருக்கோம். இப்ப 2023ல இருந்து E20ன்னு 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருது. அன்னிக்கு ஓரங்கட்டின அதே ஆல்கஹால்! நாக்கிங்குக்கு நல்லதுதான். ஆனா என்னுது மாதிரி பழைய வண்டியோட ரப்பர் ஹோஸுக்கும் மைலேஜுக்கும் கொஞ்சம் கஷ்டம். எந்த மருந்துக்கும் ஒரு பத்தியம் இருக்கும் போல.

எனக்கு இதெல்லாம் படிக்கும்போது கண் முன்னாடி வந்தது அந்தப் பாலத்துச் சாலைதான். ஏன்னா, இந்தத் தப்பை எங்க கரை எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருதடவை செஞ்சிருக்கு.

1290கள்ல மார்க்கோ போலோ பார்த்த காயல் துறைமுகம் இந்த வட்டாரம்தான். அது பழையகாயல்னு கால்டுவெல் சொன்னார். எங்க ஊர்லயோ காயல்பட்டினம்தான்னு அடிச்சுச் சொல்லுவோம் :-) ரெண்டுக்கும் நடுவுல பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர்தான், நான் சண்டைக்கு வரலை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். ஹோர்முஸ், கிஷ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலா அரபுக் குதிரைகள் இங்க வந்து இறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினபடி ஒரு குதிரைக்கு 220 தங்க தினார். கடல்லயே செத்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவுல இருந்து காசு போகணும்னு ஒப்பந்தம்.

இறங்கின குதிரைகள் என்ன ஆச்சு? ராஜா வருஷத்துக்கு 2000 வாங்கினா, வருஷக் கடைசியில 100 கூட மிஞ்சாதுன்னு போலோ சொல்றார். இந்த வெப்பமும் ஈரமும் அதுகளுக்கு ஒத்துக்கலை. சோறும் சமைச்ச கறியும் கொடுத்திருக்காங்க. வறுத்த தானியத்தை நெய்யில கலந்து கொடுத்து, காய்ச்சின பால் குடிக்க வச்சாங்கன்னு வஸ்ஸாஃப் சொல்றார். பாசத்துல குறை இல்லை, பாருங்க! ஆனா குதிரையோட வலி தெரிஞ்ச லாட வைத்தியர் இங்க யாரும் இல்லை. வித்தவங்க அந்த ஆட்களை இங்க வரவே விடலைங்கறார் போலோ. வந்தா குதிரை பிழைச்சுக்கும், அடுத்த வருஷம் வியாபாரம் படுத்துடும்.

அந்த வரியைப் படிச்சப்ப "இன்ஜினை இறக்கணும்"னு பானெட் திறக்காம சொன்ன குரல் காதுல கேட்டுச்சு. வாப்பாவோட காரும் ஞாபகம் வந்துச்சு. ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கிடலாம், அதோட நோவைப் புரிஞ்சுக்கற அறிவையும் சேர்த்து வாங்கலைன்னா வாங்கிக்கிட்டேதான் இருக்கணும்.

இப்ப வர்ற கார்கள்ல இன்ஜின் பக்கத்துலேயே நாக் சென்சார்னு ஒண்ணு ஒட்டியிருக்கு. அந்த மணி அதிர்வு கேட்டதும் டைமிங்கைத் தானா பின்னால தள்ளிடும். மெக்கானிக் அண்ணாச்சியோட திருப்புளிக்குப் பேரன்னு வச்சுக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனா லூசான போல்ட்டையும் தேய்ஞ்ச பேரிங்கையும் பிரிச்சுச் சொல்ல இன்னும் ஒரு மனுஷக் காது வேணும்.

அதனால மக்கா, உங்க வண்டியில கிலுகிலுன்னு சத்தம் வந்தா பதறாதீங்க. எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு ரெண்டு நாள் கவனிச்சுக் குறிச்சு வச்சுக்கங்க. அந்தக் குறிப்போட போங்க. உங்களை அந்த முதல் கேள்வியைக் கேட்காம விலை சொல்றவர்கிட்ட வண்டியை விடாதீங்க.

போன வாரம் வாப்பாவை முன் சீட்டுல உட்கார வச்சு அதே பாலம் ஏறினேன். கதை முழுசையும் சொன்னேன், 200 ரூபா உட்பட. பாலம் இறங்கற வரைக்கும் காதைக் கூர்மையா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க: "நம்ம வண்டிக்கும் இது மட்டுந்தான் போலிருக்கு, இல்ல?"

ஆமாம் வாப்பான்னு சொன்னேன். அந்த வண்டியைப் பத்தி அவங்க வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.