சிஸ்கோ: சந்தை ஆதிக்கமும் பங்கு விலையும்

சிஸ்கோ சிஸ்டம்ஸ் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இயங்கும் கணினி வலையமைப்புக் கருவி நிறுவனம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லியோனார்டு போசாக், சாண்டி லெர்னர் தம்பதியர் 1984-இல் இதனைத் தொடங்கினர். 1990-இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தது. 2000 மார்ச்சில் மைக்ரோசாப்டை முந்தி, 50,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புடன் உலகிலேயே விலைமிக்க நிறுவனமாயிற்று.

இணையத்தில் தரவுகளை உரிய வழியில் அனுப்பும் ரவுட்டர் கருவிகளில் அது அன்று முதலிடத்தில் இருந்தது. 100 டாலர் விற்பனையில் உற்பத்திச் செலவு போக 60 டாலருக்கு மேல் மிஞ்சியது. போட்டி கடுமையான தொழிலில் இவ்வளவு மிஞ்சாது. அதைவிட வலிய அரண், பழக்கம். பொறியாளர்கள் சிஸ்கோவின் கட்டளைகளைக் கற்று, அது நடத்திய சான்றிதழ்த் தேர்வுகளை எழுதியே வேலைக்கு வந்தனர். வேறு கருவிக்கு மாறினால் அவர்களுக்கு மீண்டும் பாடம் நடத்த வேண்டும். ஆக, ஆதிக்கத்தைப் பற்றி முதலீட்டாளர்கள் எண்ணியது சரிதான்.

விலைதான் இடித்தது. 2000 நிதியாண்டில் சிஸ்கோவின் விற்பனை ஏறத்தாழ 1,890 கோடி டாலர். நிகர லாபம் 267 கோடி டாலர். 50,000 கோடியை 267-ஆல் வகுத்தால் 187 வரும். லாபம் வளராமல் நின்றால், கொடுத்த விலையை ஈட்ட 187 ஆண்டுகள் ஆகும். பள்ளி மாணவரும் போடக்கூடிய இந்தக் கணக்கை அன்று பலர் பொருட்படுத்தவில்லை.

கடனில் கருவி வாங்கிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல திவாலாயின. அவற்றில் சிலவற்றுக்குச் சிஸ்கோவே கடன் கொடுத்திருந்தது. 2001-இல் தேங்கிய சரக்குக்காக 200 கோடி டாலருக்கு மேல் நட்டக் கணக்கு எழுதியது. 80 டாலரில் இருந்த பங்கு 2002-இல் 10 டாலருக்கும் கீழே இறங்கியது.

நோக்கியாவின் வீழ்ச்சி வேறு வகை. அங்கே ஆதிக்கமே பறிபோனது. சிஸ்கோவோ தன் இடத்தை விடவில்லை. 2013 நிதியாண்டில் விற்பனை 4,860 கோடி டாலர். லாபம் ஏறத்தாழ 1,000 கோடி, அதாவது 2000-ஐப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பங்கு விலை மட்டும் பழைய உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கையும் எட்டவில்லை.

உச்ச விலையில் வாங்கியவருக்கு முதல் ஈவுத்தொகை 2011-இல்தான் கிடைத்தது. பங்கு அந்தப் பழைய விலையைத் தாண்டியது 2025 டிசம்பரில். அதற்குள் டாலரின் வாங்கும் திறனும் வெகுவாகக் குறைந்திருந்தது.